கடற்கரையும் அதன் மணற்குன்றும்: முதன்முறை செல்பவருக்கு ஓர் அறிமுகம்

ஆள் நடமாட்டம் குறைந்த மணற்கடற்கரை ஒன்றுக்குச் செல்கிறவர் பெரும்பாலும் கடலைப் பார்த்தபடியேதான் நடக்கிறார். பின்னால் மேடும் பள்ளமுமாக நிற்கும் மணற்குன்றுகள், ஏறிக் கடக்க வேண்டிய தடையாகவோ, உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வாய்த்த உயரமாகவோ மட்டுமே அவருக்குத் தோன்றுகின்றன. ஆனால் அலை வந்து நனைக்கும் ஈர மணலும், அதற்கு மேலே உள்ள உலர்ந்த மணல்வெளியும், அதற்கும் பின்னால் புல்லும் கொடியும் பற்றி நிற்கும் குன்றும், நீருக்கடியில் கரையை ஒட்டிக் கிடக்கும் மணல்திட்டும் தனித்தனியானவை அல்ல. ஒரே மணல்தான் காற்றாலும் அலையாலும் இந்த இடங்களுக்கிடையே ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு கடற்கரைக்குப் போனால், அங்கே எதைக் கவனிப்பது, எங்கே நடப்பது, எங்கே கால் வைக்காமல் இருப்பது என்பவற்றில் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

மணலிலிருந்தே தொடங்கலாம். ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை பருமனுள்ள துகள்களையே மணல் என்கிறோம். அதைவிட நுண்ணியது வண்டல், பெரியது சரளை. உலகின் பெரும்பாலான கடற்கரைகளில் உள்ள மணல், மலைப்பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஆறுகளால் உருட்டிக் கொண்டுவரப்பட்டுக் கடலில் சேர்ந்தது. அந்த நெடும்பயணத்தில் மென்மையான கனிமங்கள் தேய்ந்தும் கரைந்தும் போய்விட, கடினமானதும் எளிதில் வேதி மாற்றம் அடையாததுமான குவார்ட்ஸ் எஞ்சி நிற்கிறது. பவளப்பாறைகள் உள்ள கரைகளில் மட்டும் மணலின் பெரும்பங்கு சிப்பி ஓடுகளும் பவளத் துண்டுகளும் பொடிந்தவை. எரிமலைத் தீவுகளின் கரைகளில் கரிய மணலையும் காணலாம்.

ஒரு சிட்டிகை மணலை உள்ளங்கையில் பரப்பி, சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது தொடங்குபவருக்குச் சிறந்த முதல் பாடம் என்று கருதுகிறேன். ஒளி ஊடுருவும் வெளிர்ந்த துகள்கள் குவார்ட்ஸ். இளஞ்சிவப்பாகத் தெரிபவை பெரும்பாலும் கார்னெட். பளபளப்பான கருந்துகள்கள் இல்மனைட், மேக்னடைட் போன்றவை. காந்தம் ஒன்றைக் காட்டினால் மேக்னடைட் துகள்கள் உடனே ஒட்டிக்கொள்ளும். கரையின் மேற்பகுதியில் கறுப்பாகவோ செம்மையாகவோ பட்டை பட்டையாகத் தெரியும் கோடுகளைப் பலர் எண்ணெய்க் கசிவு என்றோ அழுக்கு என்றோ எண்ணிவிடுகிறார்கள். குவார்ட்ஸைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தியுள்ள இந்தக் கனிமங்களை, பின்வாங்கும் அலையால் எளிதில் இழுத்துச் செல்ல முடிவதில்லை. இலகுவான மணல் போய்விட, கனமானது தங்கிவிடுகிறது. சீற்றமான அலைகள் அடித்து ஓய்ந்த பிறகு இந்தப் பட்டைகள் கூடுதலாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

கரைக்கு வந்த மணல் அங்கேயே நிற்பதில்லை. அலைகள் கரையை நேராக மோதாமல் சற்றுச் சாய்வாக வந்து மோதுவதால், ஒவ்வோர் அலையும் மணலைச் சிறிது பக்கவாட்டில் நகர்த்துகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் கரையோரமாகவே நெடுந்தூரம் பயணம் செய்கிறது. குறுக்கே ஒரு கற்சுவரைக் கடலுக்குள் நீட்டிக் கட்டினால் அதன் ஒரு பக்கம் மணல் சேர்வதும் மறுபக்கம் கரை அரிக்கப்படுவதும் இதனால்தான். ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டினாலும், ஆற்றுமணலை அள்ளினாலும், தொலைவில் உள்ள கடற்கரை மெலியத் தொடங்குகிறது. கடற்கரையை நாம் காணும்போது, இந்த வரவு செலவின் ஒரு நாளைய நிலையைத்தான் காண்கிறோம்.

காற்று குன்றைக் கட்டும் விதம்

மணற்குன்று உருவாக மூன்று வேண்டும்: உலர்ந்த மணல், கடலிலிருந்து நிலம் நோக்கி வீசும் காற்று, அந்தக் காற்றைத் தடுக்கும் ஏதேனும் ஒன்று. கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். தாழ் ஓதத்தின்போது கடல் பின்வாங்கி அகலமான மணல்வெளி வெளிப்படுகிறது. ஈரமாக இருக்கும்வரை துகள்களுக்கிடையே உள்ள நீர் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பதால் காற்றால் அவற்றை அசைக்க முடியாது; வெயிலும் காற்றும் மேற்பரப்பை உலர்த்திய பிறகே மணல் நகரத் தொடங்கும். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் பிற்பகலில் கடற்காற்று வலுப்பதும், அதே நேரத்தில் மணல் நன்றாக உலர்ந்திருப்பதும் குன்றின் வளர்ச்சிக்கு மிகவும் உதவுகின்றன.

மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால், உலர்ந்த நடுத்தர மணல் நகரும். அது புழுதியைப்போல மேலெழுந்து பறப்பதில்லை. ஒரு துகள் எழும்பி, சிறிது தூரம் காற்றோடு சென்று, கீழே விழும்போது வேறு சில துகள்களைத் தட்டி எழுப்பிவிடுகிறது. அவையும் எழும்பி விழுந்து மற்றவற்றை எழுப்புகின்றன. பெரிய துகள்கள் எழும்ப முடியாமல், இப்படி வந்து விழும் துகள்களின் அடியால் தரையோடு உந்தப்பட்டு ஊர்கின்றன. காற்றால் நகரும் மணலில் பெரும்பங்கு இவ்வாறு துள்ளித் துள்ளியே செல்கிறது என்பதை 1930களில் காற்றுச் சுரங்கச் சோதனைகளாலும் பாலைவனப் பயணங்களாலும் ஆராய்ந்து தெளிவாக்கியவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளர். இதை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. காற்று வலுத்த பிற்பகலில் உலர்ந்த மணலில் வெறுங்காலோடு நின்றால் கணுக்காலில் சுருக்சுருக்கென்று மணல் குத்தும்; அதே நேரத்தில் முகத்தில் ஒன்றும் படாது. துள்ளும் மணலில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேயே செல்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

அந்த மணல் கடந்து சென்ற தடத்தில் சிறு சிறு வரிகள் தோன்றியிருக்கும். குனிந்து அவற்றை அருகில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரியும் காற்று வந்த பக்கம் மெல்லச் சரிந்தும், மறுபக்கம் செங்குத்தாக இறங்கியும் இருக்கும்; வரியின் உச்சியில் சற்றுப் பெரிய துகள்களும், பள்ளத்தில் நுண்ணிய துகள்களும் இருக்கும். எனவே காற்று ஓய்ந்த பிறகும், கடைசியாக அது எத்திசையிலிருந்து வீசியது என்பதை மணலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆழம் குறைந்த நீருக்கடியில், அலை முன்னும் பின்னும் அசைந்து உண்டாக்கும் வரிகளில் இரு பக்கச் சரிவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நீர் வரைந்ததையும் காற்று வரைந்ததையும் இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டு பிரித்தறியலாம்.

இப்படி நகரும் மணல் ஓரிடத்தில் நிற்க வேண்டுமானால் காற்றின் வேகம் அங்கே குறைய வேண்டும். உயர் ஓதக் கோட்டில் கடல் ஒதுக்கிவிட்டுப் போன பாசியும் மரக்கட்டையும் அந்தத் தடையாகின்றன. கட்டையின் பின்புறத்தில் காற்று தளர்வதால் அங்கே மணல் விழுந்து, காற்று செல்லும் திசையில் மெலிந்துகொண்டே போகும் நீண்ட குவியலாகச் சேர்கிறது. கட்டையளவு உயரம் சேர்ந்ததும் அது நின்றுவிடும். ஏனெனில் அதற்கு மேல் காற்றைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. ஆனால் அழுகும் பாசியின் ஈரத்திலும் சத்திலும் ஒரு விதை முளைத்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. மணல் மூட மூடச் செடி மேலே வளர்கிறது. செடி வளர வளர மேலும் மணல் தங்குகிறது. முழங்கால் உயரமுள்ள இத்தகைய இளங்குன்றுகள் பல ஒன்றுசேர்ந்து, காலப்போக்கில் கடலுக்கு இணையாக நீண்ட முன்வரிசைக் குன்றாகின்றன. கடற்கரை மணற்குன்றை மணலும் காற்றும் மட்டும் ஆக்கிவிடவில்லை, செடியும் சேர்ந்தே ஆக்கியது என்பதுதான் அதைப் பாலைவன மணற்குன்றிலிருந்து வேறுபடுத்தும் முதன்மையான செய்தி.

செடி மூடாத குன்று காற்றோடு நடக்கும். காற்று ஏறும் பக்கம் மணல் மேலேறி, உச்சியைக் கடந்து மறுபக்கம் சரிகிறது. உலர்ந்த மணல் தாங்கக்கூடிய அதிகபட்சச் சாய்வு 30 முதல் 34 பாகை வரைதான் என்பதால், மறுபக்கம் எப்போதும் அந்தச் சாய்விலேயே நிற்கும். பிரான்சின் தென்மேற்குக் கரையில் உள்ள பிலா மணற்குன்று 100 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அது ஆண்டுக்குச் சில மீட்டர் நிலத்துக்குள் நகர்ந்து, பின்னால் உள்ள பைன் காட்டைச் சிறிது சிறிதாக மூடிவருகிறது. ஆனால் நாம் பெரும்பாலும் காணும் முன்வரிசைக் குன்றுகள் சில மீட்டர் உயரமே உடையவை. செடி பிடித்து வைத்திருப்பதால் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்பவை.

குன்றில் வாழும் செடிகள்

கடற்கரை மணலில் வாழ்வது ஒரு செடிக்கு எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உப்புத் துளிகள் இடைவிடாமல் மேலே படுகின்றன. மணலில் சத்து மிகக் குறைவு. மழைநீர் விழுந்தவுடன் கீழே இறங்கிவிடுகிறது. நண்பகல் வெயிலில் மேல்மணலின் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். இவற்றோடு எந்த நேரமும் மணலால் மூடப்படும் ஆபத்தும் உண்டு. இத்தனைக்கும் ஈடுகொடுத்து நிற்கும் செடிகள் சிலவே. அவற்றை அடையாளம் காணத் தெரிந்துகொண்டால் கடற்கரையே வேறாகத் தெரியும்.

வெப்பமண்டலக் கரைகள் எங்கும் காணப்படுவது அடும்பு. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் பலமுறை இடம்பெறும் கொடி இதுதான். நுனி இரண்டாகப் பிளந்த தடித்த இலைகளும், காலையில் விரிந்து வெயில் ஏறியதும் வாடிவிடும் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்களும் இதன் அடையாளங்கள். கொடி மணல்மேல் பல மீட்டர் நீள ஓடி, கணுவுக்குக் கணு வேரூன்றிக்கொள்ளும். ஒரு பகுதியை அலை அறுத்துச் சென்றாலும் எஞ்சிய பகுதி தன் வேரிலேயே உயிர்வாழும். இதன் விதைகள் கடல்நீரில் பல மாதங்கள் மிதந்தாலும் முளைக்கும் திறனை இழப்பதில்லை. பெருங்கடல்களின் இருபுறமும் ஒரே கொடி பரவியிருப்பதற்கு அதுவே காரணம்.

தெற்காசிய, தென்கிழக்காசியக் கரைகளில் அடும்புக்கு அருகிலேயே இராவணன் மீசை என்ற புல்லும் வளர்கிறது. விறைத்துக் கூர்மையாக நீட்டிய அதன் இலைகள், தெரியாமல் மிதித்தவரை நன்றாகக் குத்திவிடும். இதில் ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி. பெண் செடியில் முள்முள்ளாக எத்திசையும் நீண்ட பெரிய உருண்டைக் கதிர் உண்டாகிறது. முதிர்ந்ததும் அது காம்பிலிருந்து விடுபட்டு, முட்களின் நுனியிலேயே நின்று, காற்றின் போக்கில் மணல்வெளியில் உருண்டு ஓடுகிறது. அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றால், மேட்டிலோ கொடியிலோ சிக்கி நிற்பதையும், நின்ற இடத்திலேயே மணல் அதன் அடியில் சேரத் தொடங்குவதையும் காணலாம். விதை வந்து சேரும் இடமும் மணல் வந்து சேரும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி.

குளிர்ந்த நாடுகளின் கரைகளில் இந்தப் பணியை மாரம் புல் செய்கிறது. ஆண்டுக்கு ஒரு மீட்டர் வரை மணல் மூடினாலும் அது மேலெழுந்து வளரும். உண்மையில், புதுமணல் வந்து மூடாமல் நின்றுவிட்டால்தான் அது சோர்ந்துபோகிறது. வறண்ட காற்றில் இலையை நீளவாக்கில் சுருட்டிக்கொண்டு நீரிழப்பைக் குறைத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும். இத்தனை திறமை உள்ள செடியை எங்கு வேண்டுமானாலும் நடலாம் என்று எண்ணுவது தவறு. ஐரோப்பிய மாரம் புல்லை வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் மணலைக் கட்டுப்படுத்துவதற்காக நட்டபோது, அது உயரமான முன்குன்று ஒன்றை எழுப்பி, பின்னால் இருந்த திறந்த மணல்வெளிக்கு மணல் போகவிடாமல் தடுத்து, அந்த மண்ணுக்குரிய செடிகளையும் பறவைகளையும் நெருக்கியது. ஒரு கரையின் குன்றை அந்தக் கரைக்குரிய செடிகளே காக்க வேண்டும்.

கடலிலிருந்து உள்நோக்கி நடந்தால் செடிகள் மாறிக்கொண்டே போவதைக் காணலாம்: முதலில் வெறும் மணல், பிறகு கொடிகள், பிறகு புல், அதற்கும் பின்னால் குட்டைப் புதர்கள், இறுதியில் மரங்கள். கடலுக்கு அருகில் உள்ள குன்று இளையது, உள்ளே உள்ளது பழையது. ஆகவே சில நூறு மீட்டர் நடப்பது பல நூறு ஆண்டுகளைக் கடப்பதற்குச் சமம். ஹென்றி கௌல்ஸ் என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரை மணற்குன்றுகளில் இதைக் கவனித்து, 1899இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஒரு செடிக்கூட்டம் மண்ணை மாற்ற, மாறிய மண்ணில் அடுத்த கூட்டம் குடியேறுகிறது என்ற கருத்து சூழலியலில் நிலைபெற அந்த ஆய்வு பெரிதும் உதவியது. ஏரிக்கரையில் உப்பு இல்லை என்றாலும், மணலும் காற்றும் செடியும் நடந்துகொள்ளும் முறை கடற்கரையில் உள்ளதுதான்.

குன்றுகளுக்கிடையே உள்ள பள்ளங்களில் சில வேளை நன்னீர் தேங்கி நிற்பதையும், அங்கே தவளைகள் இருப்பதையும் கண்டு பலர் திகைக்கிறார்கள். மணலில் இறங்கிய மழைநீர், கடலிலிருந்து ஊடுருவி வரும் உப்புநீரைவிட இலகுவானது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடுதல். அந்தச் சிறு வேறுபாட்டின் விளைவாக, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்க வாய்ப்புண்டு. ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் மணற்குன்று நீரைக் குழாய் வழியே பெற்றது இந்த இயல்பினால்தான். குன்றை வெட்டி எடுத்தாலோ, நீரை அளவுக்கு மீறி இறைத்தாலோ, கீழிருந்து உப்புநீர் மேலேறிவிடும்.

கடல் சீறும்போது

அமைதியான பருவத்தில் தாழ்வான, நீண்ட அலைகள் நீருக்கடியில் கிடக்கும் மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்குத் தள்ளுகின்றன, கரை அகலமாகிறது, உலர்ந்த மணலைக் காற்று குன்றில் சேர்க்கிறது. புயல் வரும்போது இது தலைகீழாகிறது. உயர்ந்த அலைகள் கரையை அரித்து, குன்றின் அடியையும் அறுத்து, அந்த மணலைக் கடலுக்குள் இழுத்துச் சென்று கரைக்கு இணையாகத் திட்டாகக் குவிக்கின்றன. அந்தத் திட்டின்மேல் ஏறும்போதே அடுத்தடுத்த அலைகள் உடைந்து வலுவிழந்துவிடுவதால், அரிப்பு தானாகவே குறையத் தொடங்குகிறது. விளைந்த காலத்தில் குதிரில் கொட்டி வைத்து, விளையாத காலத்தில் எடுத்துச் செலவிடும் குடும்பத்தைப்போலக் கடற்கரை தன் மணலைக் குன்றில் சேர்த்து வைக்கிறது. புயலுக்குப் பிறகு குன்று கத்தியால் அறுத்ததுபோல் செங்குத்தாக நிற்பதைக் கண்டு அது அழிந்துவிட்டது என்று வருந்த வேண்டியதில்லை. அதன் மணல் பெரும்பாலும் அருகிலேயே இருக்கிறது, திரும்பி வரும். கரை சில மாதங்களில் நிரம்பிவிடலாம், குன்று பழைய நிலையை எட்டச் சில ஆண்டுகள் ஆகலாம்.

கடல் தெரிய வேண்டும் என்பதற்காகக் குன்றைச் சமன்படுத்தி அங்கே கட்டடமோ சாலையோ அமைத்துவிட்டால், அந்தச் சேமிப்பு இல்லாமல் போகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் யால பகுதியில் ஆய்வு செய்த அறிவியலாளர்கள், காட்சிக்கு இடையூறாக இருக்கிறது என்று முன்னால் இருந்த மணற்குன்றின் ஒரு பகுதியை அகற்றியிருந்த விடுதி ஒன்று முற்றிலும் அழிந்ததையும், குன்று குலையாமல் நின்ற இடங்களின் பின்னால் சேதம் குறைவாக இருந்ததையும் பதிவு செய்தார்கள். எல்லாப் பேரலைகளையும் மணற்குன்று தடுத்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் கரையில் நாம் கட்டும் சுவர் இடிந்தால் நாம்தான் மீண்டும் கட்ட வேண்டும். செடியை மிதிக்காமல் விட்டால் குன்று தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது.

செல்லும் நாளில்

முதலில் ஓத நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 12 மணி 25 நிமிடம் ஆகிறது. எனவே நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகவும் ஏறி, மிகவும் இறங்கும். தாழ் ஓதத்துக்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்னதாகச் சென்றால் நடக்க அகலமான, இறுகிய ஈர மணல் கிடைக்கும். நடப்பதற்குச் சுகமான இடமும் அதுதான், நம் காலடியால் கேடு மிகக் குறைவாக நேரும் இடமும் அதுதான். அடுத்த ஓதத்தில் நம் தடங்கள் எல்லாம் அழிந்துவிடும்.

குன்றைக் கடக்கப் பலகைப் பாதையோ கயிறு கட்டிய வழியோ இருந்தால் அதைவிட்டு விலகக் கூடாது. வழி எதுவும் இல்லையென்றால், ஏற்கெனவே செடியற்றுக் கிடக்கும் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வது நல்லது. இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. புயலையும் உப்பையும் தாங்கும் அடும்பும் புல்லும் மிதிபடுவதைத் தாங்குவதில்லை. ஒரே இடத்தில் பலர் ஏறி இறங்கினால் செடி மடிந்து மணல் வெளிப்படும். அந்த இடைவெளியில் காற்று குவிந்து வேகம் பெற்று மணலைக் குடைந்து எடுக்கும். குடைவின் விளிம்பில் உள்ள செடிகளின் வேர்கள் வெளிப்பட்டுச் சரியும். குடைவு மேலும் அகலும். அடுத்த பெரும்புயலில் கடல்நீர் உள்ளே புகும் வாயில் அதுவாகவே இருக்கும். குன்றின் செங்குத்துச் சரிவில் உருண்டு விளையாடுவது குழந்தைகளுக்கு எவ்வளவு பிடித்தமானது என்று தெரிந்தும், செடி உள்ள குன்றில் அதை வேண்டாம் என்றே சொல்வேன். குன்றை அனுபவிக்க அதன் அடிவாரத்தில், செடிகளுக்கு வெளியே, காற்று மறைவான பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். அங்கே மணலைக் கையால் சிறிது விலக்கிப் பார்த்தால், நெருப்பாய்ச் சுடும் மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே ஈரமும் குளிர்ச்சியும் இருப்பதை உணரலாம். மேலே உள்ள உலர்ந்த மணல் கீழே உள்ள நீர் ஆவியாகாமல் தடுத்து நிற்கிறது. செடிகள் கோடையைக் கடப்பது அந்த ஈரத்தால்தான்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் நெகிழியையும் அறுந்த வலைத் துண்டுகளையும் எடுத்துச் செல்வது பெரிய உதவி. பாசியையும் மரக்கட்டையையும் அப்படியே விட்டுவிட வேண்டும். இயந்திரத்தால் வாரிச் சீவிய, ஒரு துரும்பும் இல்லாத மணல்வெளிதான் அழகான கடற்கரை என்ற எண்ணம் எனக்கு உடன்பாடில்லை. பாசிக் குவியலைச் சற்று விலக்கினால் துள்ளி ஓடும் சிறு உயிர்களைத் தேடித்தான் கரைப்பறவைகள் வருகின்றன. நாளைய குன்றும் அந்தக் குவியலில்தான் தொடங்குகிறது. உலர்ந்த மணலில் வட்டமாகத் தெரியும் துளைகள் மணல்நிற நண்டுகளின் வளைகள். பெரிய நண்டுகள் கடலிலிருந்து தள்ளியும் சிறியவை நீருக்கு அருகிலும் வளை தோண்டுவது வழக்கம். அசையாமல் சில நிமிடங்கள் காத்திருந்தால் ஒரு நண்டு தன் வளையிலிருந்து மணலை அணைத்துக் கொண்டுவந்து வெளியே எறிவதைப் பார்க்கலாம்.

உப்புக்கொத்தி, ஆலா போன்ற பறவைகள் கூடு கட்டாமல் வெறும் மணலிலேயே முட்டையிடுகின்றன. முட்டையின் நிறமும் புள்ளிகளும் மணலோடு மணலாகத் தெரிவதால் மிதித்த பிறகே நமக்குத் தெரியவரும். ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் நம் முன்னே இழுத்து இழுத்து ஓடினால், முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது என்று பொருள். வந்த தடத்திலேயே திரும்பிச் சென்றுவிட வேண்டும். தாய்ப் பறவை எழுந்து போன சில நிமிடங்களிலேயே வெயிலில் முட்டை கெட்டுவிடக்கூடும். நாயை அழைத்துச் செல்பவர்கள் அதைக் கயிற்றில் பிடித்திருப்பது அவசியம்.

கடலாமைகள் முட்டையிடும் கரையானால் குன்றின் பங்கு இன்னும் பெரிது. தாய் ஆமை உயர் ஓதக் கோட்டைத் தாண்டி, குன்றின் அடிவாரம்வரை ஏறி வந்து மணலில் முட்டைகளைப் புதைத்துவிட்டுச் செல்கிறது. ஏறத்தாழ 45 முதல் 70 நாட்களில் குஞ்சுகள், பெரும்பாலும் இரவில், வெளிவருகின்றன. அவை இருண்ட குன்றின் உருவத்திலிருந்து விலகி, வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடுவதால் கடலை அடைகின்றன. குன்று இருந்த இடத்தில் விளக்குகள் எரிந்தால் குஞ்சுகள் எதிர்த்திசையில் ஓடி மடிகின்றன. எனவே இருட்டிய பிறகு அங்கே கைவிளக்கும் செல்பேசி வெளிச்சமும் நெருப்பும் வேண்டாம். தோண்டிய குழிகளையும் கட்டிய மணல் வீடுகளையும் புறப்படும்முன் சமன்செய்துவிட வேண்டும்; உள்ளங்கையளவுக் குஞ்சு ஒரு குழியில் விழுந்தால் ஏற முடியாது.

குழி விஷயத்தில் மனிதருக்கும் ஆபத்து உண்டு. முழங்காலுக்கு மேல் ஆழமான குழியின் சுவர், மணல் உலர உலரப் பிடிப்பை இழந்து திடீரெனச் சரியும். உள்ளே இருப்பவரை மூடிய மணலைக் கையால் அள்ளி அவரை உரிய நேரத்தில் மீட்பது மிகக் கடினம். குன்றின் பக்கவாட்டில் குகைபோலத் தோண்டுவதும், புயல் அறுத்த செங்குத்துச் சரிவின் கீழே உட்காருவதும் இதே காரணத்தால் கூடாதவை.

ஆள் இல்லாத கரையில் உயிர்காப்பாளரும் இருக்க மாட்டார் என்பதால் நீரில் இறங்குவதற்கு முன் சிறிது நேரம் உயரமான இடத்திலிருந்து அலைகளைக் கவனிக்க வேண்டும். இருபுறமும் அலைகள் வெண்ணுரையோடு உடைய, நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் நீர் சற்று இருண்டு அமைதியாகத் தெரிந்தால், புதியவர்கள் அதையே பாதுகாப்பான இடம் என்று எண்ணி இறங்குகிறார்கள். உண்மையில் கரையில் ஏறிய நீர் மணல்திட்டின் இடைவெளி வழியாகக் கடலுக்குத் திரும்பும் இழுவை நீரோட்டம் அங்கேதான் ஓடுகிறது. வலுத்தபோது அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரையும் எட்டும், எந்த நீச்சல் வீரரும் அதை எதிர்த்து நீந்த முடியாது. அது ஆளை வெளியே இழுத்துச் செல்லுமே தவிர, நீருக்கடியில் இழுப்பதில்லை. அகப்பட்டுக்கொண்டவர் கரையை நோக்கிப் போராடாமல் மிதந்து, வலு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை எழும் பகுதிக்கு வந்தபின் அலைகளோடு கரை சேர வேண்டும். நீந்தத் தெரியாதவர் கணுக்கால் ஆழத்தோடு நின்றுகொள்வதே நல்லது. இடி கேட்டால் கரையைவிட்டே போய்விட வேண்டும். திறந்த மணல்வெளியில் நம்மைவிட உயரமானது வேறெதுவும் இருக்காது, குன்றின் உச்சியோ அதைவிட மோசம்.

ஒரே கடற்கரைக்கு வெவ்வேறு பருவங்களில் செல்ல வாய்ப்பிருந்தால், நகராத அடையாளம் ஒன்றை, ஒரு பாறையையோ பாதையின் முனையில் உள்ள கம்பத்தையோ, தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் அங்கே நின்று அதே திசையில் ஒரு படம் எடுத்து வைக்கலாம். தேதியையும் ஓத நிலையையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும். படங்களை ஒப்பிட்டால் கரை எந்த மாதங்களில் அகன்றது, எப்போது ஒடுங்கியது, புயல் அறுத்த முகப்பில் எந்தச் செடி முதலில் இறங்கியது, ஒதுங்கிய கட்டையின் பின்னால் இளங்குன்று தோன்றியதா இல்லையா என்பவை தெரியவரும். கரையோர மாற்றங்களை ஆராய்பவர்கள் பின்பற்றும் முறைகளில் இதுவும் ஒன்று. பல நாடுகளில் பொதுமக்கள் ஒரே நிலைத்த தாங்கியில் செல்பேசியை வைத்து எடுக்கும் படங்களும் அவர்களுக்குப் பயன்படுகின்றன.